ஃபார்மலின் மீன்: ‘இருக்கா, இல்லையா’ங்கிற கேள்வியே தப்பு

போன மாசம் நாலு நாள் லீவு போட்டு தஞ்சாவூர் போயிருந்தேன். கரந்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து காலைக் காபி குடிச்சிட்டு இருந்தப்போ சும்மா அம்மாகிட்ட கேட்டேன்: “நாகப்பட்டினத்துலேர்ந்து ஒரு மீன்காரம்மா வருவாங்களே, இப்பல்லாம் வர்றதில்லையா?”

“அவ வந்து எத்தனை வருஷம் ஆச்சு! நீதானேடா ஃபார்மலின்னு மெசேஜ் அனுப்பின. நான் அதைத் தெரு குரூப்ல போட்டேன். ரெண்டு மாசம் ஒருத்தரும் வாங்கல. ‘மோந்து பாத்துட்டு வாங்குங்கக்கா, இது ராத்திரி கரையேறின மீனு’ன்னு வாசல் வாசலா நின்னு சொல்லிப் பாத்தா. அப்புறம் இந்தப் பக்கமே வர்றதில்லை.”

தீபாவளி, பொங்கல்னு ஓடி வந்து ஓடிப்போற எனக்கு இது இத்தனை வருஷமா கண்ணில் படவே இல்லை. போனில் தேடிப் பார்த்தேன். 2018 ஜூலை. குடும்ப குரூப்பில் நான் அனுப்பின செய்தி அப்படியே இருந்தது:

“மீன்களில் ஃபார்மலின் கண்டுபிடிப்பு. இது பிணத்தைப் பதப்படுத்தும் ரசாயனம். சாப்பிட்டால் புற்றுநோய் வரும். மீன் வாங்காதீர்கள்.”

நாலு வாக்கியம். நான் எழுதினது இல்லை, வந்ததைத் தள்ளிவிட்டது. ஆனா அந்தச் சமயத்தில் டிவியும் பேப்பரும் சொன்னதோட சாரம் இதுதான். இந்தப் பதிவு அந்த நாலு வாக்கியத்துக்கான விமர்சனம். ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கலாம். முன்னாடியே சொல்லிடறேன், நான் பி.இ. படிச்ச மென்பொருள் ஆள். உயிர்வேதியியல் என் தொழில் இல்லை, ராத்திரி படிக்கிற பழக்கம் மட்டும்தான்.

முதல் வாக்கியம்: “கண்டுபிடிப்பு”

என்ன நடந்ததுன்னு முதலில் சுருக்கமா. 2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ‘ஆபரேஷன் சாகர் ராணி’ன்னு ஒரு சோதனை நடத்தி, எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஆயிரக்கணக்கான கிலோ மீனைப் பிடிச்சது. அடுத்த மாசம் சென்னைச் சந்தை மீன்களிலும் ஃபார்மலின் இருக்குன்னு செய்தி வந்தது. அப்படி எதுவும் இல்லைன்னு அரசுத் தரப்பில் மறுத்தாங்க. கோவா வெளிமாநில மீனுக்குத் தற்காலிகத் தடை போட்டது, அசாமும் போட்டது. ரெண்டு வாரத்துக்கு மீன் சாப்பாடு தேசியப் பிரச்சினையா இருந்தது.

அப்போ எல்லாரும் பேசினது கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கின சோதனைப் பட்டையைப் பத்தி. பட்டையை மீன் மேல தேய்ச்சு, ஒரு சொட்டு மருந்து விட்டா கொஞ்ச நேரத்தில் நிறம் மாறும். சந்தையிலேயே நின்னு செய்யலாம். நல்ல கருவி, அது மேல எனக்குக் குறையில்லை. ஆனா அது முதல் சல்லடை. சல்லடையில் நின்னதை ஆய்வகத்துக்கு அனுப்பி, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம்னு அளக்கணும். செய்தியில் வந்தது பெரும்பாலும் சல்லடையோட முடிவு மட்டும்தான்.

எங்க தொழிலில் பூலியன்னு ஒரு தரவு வகை உண்டு. ஆம், இல்லை, ரெண்டே மதிப்பு. எண்ணாச் சேமிக்க வேண்டிய விஷயத்தைப் பூலியனாச் சேமிச்சா என்ன ஆகும்னு ஒவ்வொரு புரோகிராமருக்கும் ஒரு கசப்பான அனுபவம் இருக்கும். பின்னாடி எவ்வளவு தேடினாலும் தொலைஞ்ச எண் திரும்பக் கிடைக்காது. ஃபார்மால்டிஹைடு விஷயத்தில் 2018-ல் நாம செஞ்சது அதுதான். டெல்டாக்காரங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. ‘வயல்ல தண்ணி இருக்கா?’ன்னு கேட்டா எந்த விவசாயியும் ஆம் இல்லைன்னு பதில் சொல்ல மாட்டார். எவ்வளவு நிக்குது, எவ்வளவு வருது, வடிகால் எப்படி இருக்கு, இந்த மூணையும் சேர்த்துத்தான் பேசுவார்.

ரெண்டாவது வாக்கியம்: “பிணத்தைப் பதப்படுத்தும் ரசாயனம்”

பொய் இல்லை. ஃபார்மலின்ங்கிறது ஃபார்மால்டிஹைடு வாயுவைச் சுமார் 37% அளவுக்குத் தண்ணியில் கரைச்சது, கூடக் கொஞ்சம் மெத்தனால். ஃபார்மால்டிஹைடு ரொம்பச் சின்ன மூலக்கூறு: ஒரு கார்பன், ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். புரதங்களில் இருக்கிற அமைன் தொகுதிகளைப் பிடிச்சு, பக்கத்துப் புரதத்தோட பாலம் போட்டுக் கட்டிடும். அதனால்தான் உடல் அழுகாம விறைச்சு நிக்குது.

அந்த வாக்கியம் மறைக்கிறது என்னன்னா, இதே மூலக்கூறு உயிரோட இருக்கிற ஒவ்வொரு செல்லிலும் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியாகுது. எங்கேர்ந்து வருது?

ஒண்ணு, டிஎன்ஏ சுத்தியிருக்கிற ஹிஸ்டோன் புரதங்கள். அதில் மெத்தில் தொகுதிகளை ஒட்டியும் எடுத்தும்தான் எந்த மரபணு திறக்கணும், எது மூடணும்னு செல் முடிவு செய்யுது. 2004-ல் எல்எஸ்டி1ங்கிற நொதியைக் கண்டுபிடிச்சப்போ தெரிஞ்சது, ஒரு மெத்திலை எடுத்தா அது ஃபார்மால்டிஹைடாத்தான் வெளியே விழுதுன்னு. ரெண்டாவது, ஃபோலேட் சுழற்சி. செரின்ங்கிற அமினோ அமிலத்திலிருந்து ஒரு கார்பனைக் கழட்டி, டிஎன்ஏ கட்ட அனுப்புற வேலை அது. அதில் நடுவில் வர்ற பொருள் பிரிஞ்சாலும் ஃபார்மால்டிஹைடுதான்.

மூணாவது நம்ம ஊருக்கு ரொம்பப் பக்கம். கும்பகோணம் டிகிரி காபி. கஃபீன் மூலக்கூறில் மூணு மெத்தில் இருக்கு. கல்லீரல் அதில் ஒண்ணை வெட்டறப்போ ஒரு ஃபார்மால்டிஹைடு பிறக்கும். ஒரு டம்ளரில் 100 மில்லிகிராம் கஃபீன்னு வச்சுக்கிட்டு கணக்குப் போட்டேன். முதல் வெட்டிலேயே சுமார் 15 மில்லிகிராம் ஃபார்மால்டிஹைடு வருது. வாசலில் உட்கார்ந்து மீனைப் பத்தி அம்மாகிட்ட கேட்டப்போ என் கையில் இருந்த டம்ளரைத்தான் சொல்றேன்.

இவ்வளவு வந்தும் நாம விறைச்சுப் போகாததுக்குக் காரணம் வடிகால். செல்லில் குளூட்டாதயோன்னு ஒரு மூலக்கூறு ஏராளமா இருக்கு. ஃபார்மால்டிஹைடைப் பார்த்ததும் அதை ஒட்டிப் பிடிச்சுக்கும். ஏடிஎச்5ங்கிற நொதி அந்த ஜோடியை ஆக்சிகரணம் செய்யும். அடுத்த நொதி குளூட்டாதயோனை விடுவிச்சு, ஃபார்மேட்டைத் தனியா வெளியே தள்ளும். மைட்டோகாண்ட்ரியாவில் ஏஎல்டிஎச்2 ன்னு இன்னொரு நொதியும் இதே வேலைக்கு நிக்குது. கிடைச்ச ஃபார்மேட்டைச் செல் தூக்கிப் போடறதில்லை, ஃபோலேட் வழியா திரும்ப டிஎன்ஏ கட்டப் பயன்படுத்திக்கும். ரத்தத்துக்குள் விட்ட ஃபார்மால்டிஹைடில் பாதி, ஒண்ணு ஒண்ணரை நிமிஷத்தில் காணாமப் போயிடும்.

2014-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை வச்சு ஒரு மதிப்பீடு போட்டது. உடலுக்குள் உருவாகி அழியிற ஃபார்மால்டிஹைடு, நாளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 878 முதல் 1310 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராமுக்கு மேல. உணவு வழியா வர்றது நாளுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டாதுன்னும் அதே அறிக்கை சொல்லுது.

செல்லுக்கு வெளியேயும் இதே கதைதான். நெல் இலை வளர்றப்போ செல்சுவரில் இருக்கிற பெக்டினிலிருந்து மெத்தனால் கழண்டு, இலைத்துளை வழியா வெளியே வரும். அந்த இலை மேல குடியிருக்கிற இளஞ்சிவப்பு பாக்டீரியா ஒண்ணு அதைச் சாப்பிடுது. மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடா மாத்தி, அதிலிருந்துதான் தன் உடம்பையே கட்டுது. மேட்டூர் தண்ணி தாமதமாகி பயிர் வாடறப்போ தெளிக்கச் சொல்லி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிற பி.பி.எஃப்.எம். கரைசலில் இருக்கிறது இந்த மெத்தைலோபாக்டீரியம்தான். நமக்கு விஷம்னு பயமுறுத்தின மூலக்கூறு அதுக்குச் சோறு.

மீனுக்கு வருவோம். கடல் மீன் உடம்பில் உப்பைச் சமாளிக்க டிரைமெத்தில்அமைன் ஆக்சைடுன்னு ஒரு பொருள் இருக்கு. மீன் செத்த பிறகு, சில இனங்களில் இருக்கிற ஒரு நொதி இதை உடைச்சு, டைமெத்தில்அமைனும் ஃபார்மால்டிஹைடும் சமமா உண்டாக்கும். பம்பாய் டக், நம்ம கடற்கரையில் தும்பிலின்னு சொல்ற மீன், இதெல்லாம் அந்த ரகம். தும்பிலியோட விலங்கியல் பெயர் ‘சௌரிடா தும்பில்’, பேரிலேயே நம்ம மீன் இருக்கு. ஐஸில் உறைய வச்சு நாளாக ஆக அதில் ஃபார்மால்டிஹைடு ஏறும். யாரும் ஊத்த வேண்டியதில்லை. பிறகு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே மீன் வகையைப் பிரிச்சு, இயற்கையா எவ்வளவு வரை இருக்கலாம்னு தனித்தனி வரம்பு சொன்னது. அதாவது ‘இருக்கா’ங்கிற கேள்வியிலிருந்து ‘எவ்வளவு, எந்த மீனில்’ங்கிற கேள்விக்கு ஆணையமே நகர்ந்திடுச்சு. அந்தச் செய்தியை எந்தக் குடும்ப குரூப்பிலும் யாரும் தள்ளிவிடலை. நானும்தான்.

மூணாவது வாக்கியம்: “புற்றுநோய் வரும்”

இங்கே ஒரு நிமிஷம் நிக்கணும். மேலே எழுதினதைப் படிச்சிட்டு ‘அட, இயற்கையாவே உடம்பில் 50 கிராம் ஓடுதா, அப்போ பயமே வேண்டாம்’னு கிளம்பற கூட்டம் ஒண்ணு உண்டு. இணையத்தில் அந்த ரகக் கட்டுரைகளும் நிறைய. எனக்கு அவங்க மேலயும் விமர்சனம் இருக்கு.

முதலில் அந்த 50 கிராம். அது நேரா அளந்த எண் இல்லை. ரத்தத்தில் லிட்டருக்கு ரெண்டு மூணு மில்லிகிராம்ங்கிற பழைய அளவீட்டையும், ஒண்ணரை நிமிஷ ஆயுளையும் பெருக்கிப் போட்டது. அந்த அளவீட்டில், மத்த மூலக்கூறோட ஒட்டிக்கிட்டு இருக்கிற ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தே கணக்காகுது. தனியா உலாவுறது அதைவிடக் கம்மி. எண்ணைக் காட்டி ஆறுதல் சொல்றவங்க இதைச் சொல்றதில்லை.

ரெண்டாவது, உடம்பு தானே செய்யறதால மட்டும் அது பாதுகாப்பு ஆயிடாது. கேம்பிரிட்ஜில் கேதன் படேல் குழு 2015-ல் ஒரு வேலை வெளியிட்டாங்க. எலியில் ஏடிஎச்5 நொதியையும், டிஎன்ஏ பிணைப்பைப் பழுதுபார்க்கிற ஃபான்கோனி வழியில் ஒரு மரபணுவையும் சேர்த்து எடுத்துட்டாங்க. வெளியேர்ந்து ஒரு சொட்டு ஃபார்மலின் கொடுக்கலை. அந்த எலிகளுக்கு எலும்பு மஜ்ஜை செயலிழந்தது, ரத்தப் புற்றுநோய் வந்தது. தன் செல்லே தயாரிச்ச ஃபார்மால்டிஹைடுதான் காரணம். 2020-ல் இதோட மனிதப் பிரதி தெரியவந்தது: ஏடிஎச்5 வேலை செய்யாம, ஏஎல்டிஎச்2-வும் பலவீனமா இருக்கிற ஜப்பானியக் குழந்தைகள். மஜ்ஜைக் கோளாறு, குட்டை உருவம், அறிவு வளர்ச்சிக் குறைவு. ரெண்டு வடிகாலும் அடைபட்ட வீடு மாதிரி. மழை வழக்கமான மழைதான், ஆனா வீடு மூழ்கிடுச்சு.

நம்ம பக்கத்தில் இதைவிடக் கொடுமையான உதாரணம் இருக்கு. 2023 மே மாசம் மரக்காணம் பக்கம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல செத்தாங்க. சாராயத்தில் இருந்தது மெத்தனால். கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடா மாத்துது, ஃபார்மால்டிஹைடு நிமிஷத்தில் ஃபார்மேட்டா மாறிடுது. அந்த மதகு வேகமானது. ஆனா அடுத்த மதகு, ஃபார்மேட்டை ஃபோலேட் வழியா வெளியேத்தறது, மனுஷனுக்கு மெதுவு. அதனால ஃபார்மேட் தேங்கி, செல்லின் மூச்சை நிறுத்தும். கண் நரம்புதான் முதலில் அடிபடறதில் ஒண்ணு. எலிக்கு அந்த மதகு வேகம், அதனால் அதே மெத்தனால் எலிக்குக் கண்ணைப் பறிக்கறதில்லை. சிகிச்சையும் இந்தக் கணக்கில்தான்: முதல் மதகை மருந்தால் அடைச்சுட்டு, தேங்கினதை டயாலிசிஸ் வச்சு இறைக்கணும். அதே மூணு மூலக்கூறு, ஓடற வேகம் மட்டும் வேற. உயிர் அந்த வேகத்தில் தொங்குது.

சரி, ஃபார்மால்டிஹைடு புற்றுநோய்க் காரணியா? ஆமாம். சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் அதை முதல் வகையில் வச்சது. ஆனா அந்த வகை சொல்றது சான்று எவ்வளவு உறுதின்னு, ஆபத்து எவ்வளவு பெருசுன்னு இல்லை. அந்தச் சான்று வந்ததும் தின்னவங்ககிட்டேர்ந்து இல்லை, மூச்சில் இழுத்தவங்ககிட்டேர்ந்து. வட கரோலினாவில் ஜேம்ஸ் ஸ்வென்பெர்க் குழு, அடையாளம் போட்ட ஃபார்மால்டிஹைடை எலிகளுக்குச் சுவாசிக்கக் கொடுத்துப் பார்த்தாங்க. வெளியேர்ந்து வந்தது டிஎன்ஏவில் ஒட்டினது மூக்கில் மட்டும். மஜ்ஜையில் இருந்த கறையெல்லாம் உடம்பு தானே செஞ்ச ஃபார்மால்டிஹைடோடது. தொட்ட இடத்திலேயே தீர்ந்துபோற மூலக்கூறு அது.

அப்போ ஆபத்து யாருக்கு? கேனைத் திறந்து ஊத்தறவனுக்கு. பிணவறை ஊழியருக்கு. உடற்கூறியல் கூடத்தில் கண் எரிய நிக்கிற மருத்துவ மாணவருக்கு. பிளைவுட் பட்டறைத் தொழிலாளிக்கு. மீனில் யாராவது ஃபார்மலின் ஊத்தியிருந்தா, அதை முதலில் மூக்கில் வாங்கினது ஐஸ் பெட்டிக்கு மேல குனிஞ்சு நின்ன கூலி ஆள். 2018-ல் நான் படிச்ச செய்திகளில் தின்னறவங்களைப் பத்திப் பக்கம் பக்கமா இருந்தது. ஊத்தற ஆளோட மூக்கைப் பத்தி ஒரு வரி கூட என் கண்ணில் படலை. இதுதான் அந்தச் செய்திகள் மேல என் பெரிய வருத்தம்.

நாலாவது வாக்கியம்: “மீன் வாங்காதீர்கள்”

ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடணும். மீனில் ஃபார்மலின் ஊத்தறது குற்றம், அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. அதுக்குப் புற்றுநோய்னு மிரட்டவே வேண்டாம். கெட்டுப்போன மீனை நல்ல மீனா நடிக்க வைக்குது, அது போதும். கெட்ட மீனால் வர்ற ஒவ்வாமையும் வாந்தியும் ஃபார்மலினைவிட நிச்சயமான ஆபத்து. அளவு மீறினா ஃபார்மலினே நேரடி விஷம்: 30 மில்லி குடிச்சு ஆட்கள் செத்திருக்காங்க. வடிகால் எவ்வளவு நல்லா இருந்தாலும் கரை உடைஞ்சு வர்ற தண்ணிக்கு அது போதாது.

ஆனா யாருக்கு ஃபார்மலின் தேவைப்படும்னு யோசிச்சிருக்கணும். நாலு நாள் லாரியில் போற மீனுக்கு, ஐஸுக்குச் செலவழிக்க மனசில்லாத வியாபாரிக்கு. ராத்திரி நாகப்பட்டினத்தில் கரையேறின மீனை அன்னக்கூடையில் போட்டு, விடியக்காலை பாசஞ்சரில் ஏறி, பத்து மணிக்குள்ள வித்துத் தீர்க்கிறவங்களுக்கு அது எதுக்கு? அவங்ககிட்ட நாள் கணக்கே இல்லை, மணிக் கணக்குதான். சந்தேகப்பட வேண்டிய சங்கிலியில் கடைசியில் நிக்க வேண்டியவங்க மேல முதல் அடி விழுந்தது. குளிரூட்டின கடையில் பளபளன்னு அடுக்கின மீனுக்கு எங்க தெருக்காரங்க திரும்பிப் போக ரொம்ப நாள் ஆகலைன்னு அம்மா சொன்னாங்க. வாசலுக்கு வந்த மீனுக்கு மட்டும் திரும்பலை.

என் செய்தி பொய் இல்லை. நாலு வாக்கியத்தில் மூணு ஏதோ ஒரு விதத்தில் உண்மை. ஆனா மூணிலும் எண் இல்லை, வேகம் இல்லை, எந்த மீன், யார் கையில் இருந்ததுங்கிறது இல்லை. அதெல்லாம் இல்லாம நாலாவது வாக்கியத்துக்குத் தாவினது நான்.

ஊரிலிருந்து கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி குடும்ப குரூப்பில் திருத்தம் போட்டேன்: “2018-ல் மீன் பற்றி நான் அனுப்பியது அரைகுறைத் தகவல். ஃபார்மால்டிஹைடு எல்லா உயிரிலும் சிறிது உண்டு, சில மீன்களில் தானாகவே அதிகம். எவ்வளவு என்று அளந்து சொன்னால்தான் அதற்கு அர்த்தம். ஊற்றினால் குற்றம், ஆனால் அன்றன்று கரையேறும் மீனுக்கு அது தேவையில்லை. செவுள் பார்த்து, முகர்ந்து பார்த்து, தெரிந்தவரிடம் வாங்குங்கள். அப்படி வாங்கிக்கொண்டிருந்த ஒருவரை நான் கெடுத்துவிட்டேன்.”

மாமா ஒரு கும்பிடு போட்டார். சித்தப்பா பையன் ‘நீளம்’னு சிரிச்சான். அம்மா மட்டும் பக்கத்து ரூமிலிருந்து குரல் கொடுத்தாங்க: “நல்லாத்தான் எழுதியிருக்க. அவ போன் நம்பர் யாருகிட்டயும் இல்லையே.”

நாகப்பட்டினம் பாசஞ்சர் வர்ற நேரத்துக்கு அடுத்த தடவை ஸ்டேஷனில் போய் நின்னு பார்க்கணும்னு இருக்கேன். வேதியியலில் எங்கேயாவது சறுக்கியிருந்தா, தெரிஞ்சவங்க எழுதுங்க, திருத்திடறேன். இந்தத் தடவை ஏழெட்டு வருஷம் ஆகாது.